பத்தடிக் குடில்

நகரத்தில் வாழ்வார்க்குத் தியானத்திற்குரியதோர் சிற்றிடம் வேண்டுமென்னும் பேச்சு இக்காலத்திற் பெரிதும் கேட்கப்படுகின்றது. அடுக்கு மாடிகளிற் குடியிருப்பார்க்குத் தனியறை ஒன்றை ஒதுக்குதல் அரிதாகலானும், வாடகை மனையில் இருப்பார் அடிக்கடி இடம் பெயர்தலானும், மடக்கி எடுத்துச் செல்லத்தக்க தட்டிகளையும் கூடாரங்களையும் பெட்டி போன்ற சிற்றறைகளையும் வகுக்க முயல்வார் பலர். இஃது இக்காலத்துப் புதுவதாகத் தோன்றிய எண்ணம் என்று கருதுவாரும் உளர். அங்ஙனமன்று. கழற்றவும் மீட்டும் பூட்டவும் வண்டியில் ஏற்றவும் ஆகுமாறு தியானக் குடில் ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டு, அதன் அளவையும் உறுப்புக்களையும், உள்ளே எப்பொருள் எப்பக்கத்தில் இருந்ததென்பதையும் எழுதிவைத்துச் சென்றார் ஒருவர் எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர்ச் சப்பான் நாட்டில் இருந்தனர். அவர் கமோ நோ சோமெய் என்பார். 1212-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அவர்தம் நூல் 'ஹோஜோகி' என்னும் பெயரினது. அப்பெயர் பத்தடிச் சதுரத்தைப் பற்றிய குறிப்பு என்னும் பொருட்டு. ஆண்டுப் பத்து 'ஷாக்கு' கொண்டது ஒரு 'ஜோ'. ஒரு ஷாக்கு ஏறக்குறைய நம் வழக்கில் ஓரடியாம்.

சோமெயை உலகினை வெறுத்து மலையேறிய துறவி என்றும், அவர் குடிலை மலைவளங் கண்டு மகிழ்தற்கு எழுந்ததோர் இன்ப உறையுள் என்றும் கூறுதல் பெருவழக்கு. அக்கூற்று முழுதும் பிழையன்று. ஆயினும் நூலின் முற்பாதியை ஓடவிட்டுப் பிற்பாதியிலேயே கண்ணூன்றியவர் கூற்று அஃதென்க. குடில் நின்ற இடம் மலை. அதனை வகுத்த அறிவோ நகரத்திற் பெற்றது. நகரம் எரிந்ததையும் இடிந்ததையும் ஆற்றில் மிதந்து சென்றதையும் கண்ட ஒருவர், அக்காட்சிகளின் பயனாகவே கொக்கி பூட்டிய சுவர்களை எண்ணினர் என்பது எமது துணிபு. அதனை அந்நூலின் வைப்புமுறை கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

சோமெய் 1155-ஆம் ஆண்டையடுத்துத் தலைநகராகிய கியோத்தோவிற் பிறந்தவர். தந்தையார் அந்நகரின் வடபால் உள்ள கீழ்க் கமோக் கோயிலிற் பெரும்பதவி வகித்தவர். தந்தையை இளமையிலேயே இழந்த சோமெய், பாட்டிலும் 'பீவா' என்னும் நரம்புக் கருவியிலும் தேர்ச்சி பெற்றார். 1201-இல் கோ தோபா என்னும் துறவரசர் நிறுவிய பாட்டுக் கழகத்தில் இடமும் பெற்றார். தம் குலத்தாரின் கோயிற் பதவியொன்று தமக்கு வருமென்று அவாவியிருந்தனர். 1204-இல் அது பங்காளி ஒருவரின் தடையால் கைதவறிப் போயிற்று. அதன் பின்னரே அவர் தலைமழித்து, ரென்இன் என்னும் துறவுப் பெயர் பூண்டு, ஓஹாரா என்னும் இடத்தில் ஐந்தாண்டு கழித்து, தலைநகரின் தென்கீழ்ப்பால் ஹீனோ மலைச்சாரலிற் குடில் அமைத்தனர். ஆகவே, அவர்தம் துறவிற்கு ஞானமொன்றே காரணம் என்றல் பொருந்தாது, மனக்கசப்பும் உடனிருந்தது. இதனைக் கூறுதல் அவர் பெருமைக்கு இழுக்காகாது. தம்மை ஒளியாது காட்டியவர் அவரே.

இனி நூலின் முற்பாதியைக் காண்பாம். அதன்கண் ஐந்து பேரிடர்கள் முறையே கூறப்படுகின்றன. முதலாவது 1177-இல் நிகழ்ந்த பெருந்தீ. தற்காலிகமாக எழுப்பிய கொட்டகை ஒன்றிற் பற்றிய நெருப்பு ஓரிரவில் தலைநகரின் மூன்றிலொரு கூற்றை உண்டது. அரசவைப் பெருமக்களின் மாளிகைகள் பதினாறு அழிந்தன. இரண்டாவது 1180-இல் எழுந்த சுழற்காற்று. சில வீடுகள் தரையோடு தட்டையாயின; சிலவற்றில் தூணும் உத்தரமுமே எஞ்சின. மூன்றாவது இயற்கையால் வந்ததன்று. அவ்வாண்டிலேயே தைரா நோ கியோமோரி என்னும் படைத்தலைவர் தலைநகரைக் கடற்கரையிலுள்ள ஃபுக்குஹாராவிற்கு மாற்றினர். மக்கள் தத்தம் வீடுகளைப் பிரித்து மரங்களைக் கட்டி, யோதோ ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசென்றனர். வீடிருந்த மனைகள் கண்ணெதிரே வயலாயின. சோமெய் அப்புதிய நகரையும் நேரிற் சென்று பார்த்தனர். நாடோறும் ஆறு நிரம்பப் போன வீடுகள் எங்கே எழுப்பப்பட்டன என்று அவர்க்கு விளங்கவில்லை. ஆண்டு வெற்றிடமே மிகுதியாய் இருந்தது. அக்குளிர்காலத்திலேயே அரசு பழைய நகர்க்கு மீண்டது. பிரித்துச் சென்ற வீடுகள் எல்லாம் முன்போல் மீளவில்லை.

நான்காவது 1181, 1182-ஆம் ஆண்டுகளின் பஞ்சம். நின்னாஜி என்னும் மடத்துத் துறவி ஒருவர், தெருவிற் கிடந்த பிணங்களின் நெற்றிதோறும் 'அ' என்னும் எழுத்தைப் பொறித்து அவ்வுயிர்கட்கு நற்கதி வேண்டிச் சென்றனர் என்றும், இரண்டு திங்களில் நகரின் கீழ்ப்பாதியில் மட்டும் எண்ணியவை 42,300க்கு மேற்பட்டன என்றும் சோமெய் எழுதுகின்றார். எமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அதனையொட்டி வரும் பிறிதொரு செய்தி. உணவின்றி வாடியோர் தம் வீட்டையே உடைத்து விறகாக்கிச் சந்தைக்குச் சுமந்தனர். ஓராள் சுமையின் விலை ஒருநாள் உயிர்தரித்தற்கும் போதவில்லை. அவ்விறகிடையே செவ்வரக்குப் பூச்சும் பொற்றகடும் படிந்த துண்டுகள் காணப்பட்டன. உசாவியபோது, அவை பாழடைந்த கோயில்களிற் புகுந்து உடைத்தெடுத்த படிமங்களும் பூசைத் தட்டுமுட்டுக்களும் என்று தெரியவந்தது. ஐந்தாவதாகிய 1185-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்தன. வீட்டினுள் இருந்தார் நசுங்கினர். பின்னதிர்ச்சி மூன்று திங்கள்வரை நீடித்தது.

இவ்வைந்தையும் ஒருசேர நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். நெருப்பில் வீடு எரிகின்றது, காற்றில் அதன் கூரை பறக்கின்றது, அரசின் ஆணையால் அஃது ஆற்றில் மிதக்கின்றது, பசியால் விறகாகின்றது, நில அதிர்ச்சியால் தன் உடையவனையே கொல்கின்றது. அரசரும் படையும் ஈண்டு ஒதுங்கி நிற்ப, வீடே கதைத்தலைவனாகின்றது. அக்காலத்து உள்நாட்டுப் போரை அவர் ஏறக்குறைய வாய்திறவாது கடந்து செல்லுதலும் இக்கருத்திற்கு அரண் செய்யும்.

இங்ஙனம் கொள்ளுதற்குச் சுவடிகளும் துணைநிற்கின்றன. ஹோஜோகியின் சுவடிகள் இருதிறத்தன. ஒன்று விரிந்த பாடம். அதற்குத் தலைமையானது தைஃபுக்கோஜி என்னும் மடத்துச் சுவடி. அதன் இறுதிக்குறிப்பு 1244-ஆம் ஆண்டினது. சோமெயின் கையெழுத்தே என்று அக்குறிப்புக் கூறும். மற்றொன்று சுருங்கிய பாடம். அதன்கண் ஐந்து பேரிடர்களும் இல்லை. சுருங்கியது ஆசிரியரின் முதல் வரைவென்பர் சிலர். பிற்காலத்தார் வெட்டிக் குறைத்ததென்பர் வேறு சிலர். எங்ஙனமாயினும், இடர்கள் ஐந்தும் நீங்கிய பாடத்தைப் படிப்பவர்க்கு ஓர் ஐயம் எழுந்தே தீரும்: மலையில் அமைதியாக இருக்கப் போகும் ஒருவர் சுவர்க்குக் கொக்கி எற்றிற்கு அமைத்தனர்? விரிந்த பாடத்தைப் படித்தார்க்கு இவ்வையம் எழாது. அவர் யோதோ ஆற்றைக் கண்டவர்.

அவர் குடியிருந்த மனைகளும் வரவரச் சுருங்கி வந்தன. தந்தைவழிப் பாட்டியின் பெருமனையை விட்டு முப்பது வயதிற்கு மேல் ஆற்றங்கரையருகே தாமே ஒரு வீடு கட்டினர். அது முன்னையதிற் பத்திலொரு பங்கு. மதில் எடுத்தனர், வாயில் மாடம் எழுப்பப் பொருளில்லை, வண்டி நிறுத்துமிடத்திற்கு மூங்கிலே தூண். பனியும் காற்றும் வந்தபோதெல்லாம் அஃது அச்சந் தந்தது. வெள்ளமும் கள்வரும் அணுகும் இடம். அறுபதை அணுகிய பருவத்தில் அமைத்த மூன்றாவதே பத்தடிக் குடில். அஃது இரண்டாவதன் நூறிலொரு பங்கிற்கும் குறைவு என்று அவரே கணக்கிடுகின்றார்.

குடிலின் அமைப்பு வருமாறு: நீளமும் அகலமும் பத்தடி, உயரம் ஏழடிக்கும் உட்பட்டது. இக்கால அளவையில் ஏறக்குறைய 3 மீட்டர்ச் சதுரமாம். தூண்களை நிலத்திற் குழிதோண்டி ஊன்றவில்லை. அடிச்சட்டங்களை நிலத்தின்மேற் கிடத்தி, அவற்றின்மேல் எளியதொரு கூரையிட்டு, பொருத்துவாய்தோறும் கொக்கி மாட்டினர். நிலத்தை உரிமையாகத் தேடிக்கொண்டு கட்டியதன்றாகலின், உள்ளத்திற்கு ஒவ்வாதது ஏதேனும் நேரின் எளிதிற் பெயர்த்துச் செல்லுதல் கூடும். ஏற்றினால் இரண்டு வண்டிச் சுமை. வண்டிக்கூலியன்றி வேறு செலவில்லை. தச்சுத்தொழில் அறிந்தார்க்கு இதன் நுட்பம் விளங்கும். அந்நாட்டுத் தச்சர் மரத்தோடு மரத்தைக் கொளுவி முளையறைந்து இறுக்குதலில் வல்லவர். அவ்விறுக்கமே கட்டிடத்தின் வலிமை. சோமெய் அவ்வலிமையை வேண்டுமென்றே கைவிட்டனர். நில அதிர்ச்சியில் நசுக்கத்தக்க கனமும் அதற்கில்லை. எரியினும் இழப்புப் பெரிதன்று. உடைத்து விற்றால் விறகுவிலையும் தேறாது.

உட்புறத்தையும் அவர் திசைதோறும் பிரித்துச் சொல்கின்றார். தெற்கே மூங்கில் வரிச்சு பரப்பிய திண்ணை. அதன் மேல்பால் பூசை நீர்க்குரிய தட்டு. வடபாற் காகிதத் தட்டி ஒன்றின் மறைவில் அமிதாப புத்தரின் ஓவியம். அருகே சமந்தபத்திர போதிசத்துவரின் ஓவியம். முன்னே தாமரைச் சூத்திரச் சுவடி. கீழ்பால் உலர்ந்த பெரணித் தழையைப் பரப்பிப் படுக்கை. தென்மேற்கில் மூங்கிற் பலகை தொங்கவிட்டு, அதன்மேற் கருந்தோற் பெட்டிகள் மூன்று. அவற்றுட் பாட்டுச் சுவடிகளும் இசைச் சுவடிகளும் வீடுபேற்று நூலொன்றின் குறிப்புக்களும். பக்கத்தே நரம்புக் கருவிகள் இரண்டு. அவையும் மடக்குவனவும் கழற்றுவனவுமே: ஒன்று மடிக்கோட்டோ, மற்றொன்று பூட்டுப் பீவா. வீட்டைச் சுருக்கியவர் இசையை விட்டிலர் என்பது காண்க. இசையை விடாமைக்கு அவர் நாணியதாகவும் தெரியவில்லை. பிறர் செவிக்கன்றித் தம் உளத்திற்கென்றே இசைத்ததாக எழுதுகின்றார்.

ஈண்டு ஒரு பாடவேறுபாடு கருதத்தக்கது. மேற்கூறியது பழைய மடத்துச் சுவடியின் பாடம். அச்சிற் பரவிய பிற்காலப் பாடமோ அமிதாபரின் ஓவியத்தை மேல்பால் வைத்து, ஞாயிறு படும்போது அவ்வொளியே அவர் புருவநடுவின் ஒளியாகத் தோன்றியதென்று கூறும். பின்னது அழகிது, படிப்பாரைக் கவரும். ஆயினும் பழம்பாடமே பொருளாழம் உடையது என்பேம். யாங்ஙனமெனின், அதன்கண் மேற்றிசையில் யாதும் வைக்கப்படவில்லை. பள்ளத்தாக்கில் மரங்கள் அடர்ந்தனவேனும் மேற்கு வெளியாய் இருந்தது என்றும், அது தியானத்திற்கு உதவியது என்றும் அவர் எழுதுகின்றார். அமிதாபரின் வீட்டுலகம் மேற்கில் உளதென்பது அவர் சமயக் கொள்கை; படுஞாயிற்றை நோக்கியிருத்தலே அந்நெறியார் கூறும் பதினாறு தியானங்களுள் முதலாவது. ஆகவே அக்குடிலின் தலையாய உறுப்பு, சுவரோ ஓவியமோ அன்று. ஒன்றும் வையாது விட்ட திசையாம். அதனை மட்டும் வண்டியில் ஏற்றுதல் இயலாது. பாறையிடைத் தேக்கிய நீரும், அதற்கு நீர்கொணர்ந்த மூங்கிற் குழாயும், கைக்கெட்டும் அளவில் விறகு தந்த காடும் அத்தகையனவே. பெயர்த்தற்கென்றே வகுத்த ஓர் உறையுளிற் பெயர்க்கலாகாதனவே சிறந்தனவாய் நின்றமை வியப்பன்றோ!

பத்தடி என்னும் அளவு எங்கிருந்து வந்தது? நம் நாட்டிலிருந்து சென்றது. விமலகீர்த்தி சூத்திரத்தின் தலைவர் வைசாலி நகரத்து இல்லறத்தார், செல்வர், துறவியரினும் மேம்பட்ட ஞானம் உடையவர். அவர் நோயுற்றுக் கிடந்த வெற்றறையில் 32,000 அரியணைகள் இடப்பட்டும் இடம் நெருக்கப்படவில்லை என்பது அந்நூற் கதை. 406-இல் குமாரசீவர் அதனைச் சீனத்தில் மொழிபெயர்த்தனர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த வாங் சுவான்சே என்னும் சீனத் தூதர், வைசாலியில் அவர் மனையெனக் காட்டப்பட்ட இடத்தைத் தம் கைத்தண்டால் அளந்து பத்தளவு கண்டார் என்றும், அதனாற் பத்தளவு அறை என்னும் பெயர் எழுந்ததென்றும் சீனர் கூறுவர். பின்னர்ச் சென் மடங்களின் தலைவர் உறையும் அறைக்கும், அவர்க்குமே, அப்பெயர் ஆயிற்று. தியானம் என்னும் வடசொல் சீனத்திற் 'சான்' எனவும் சப்பானிற் 'சென்' எனவும் திரிந்தமை யாவரும் அறிவர். அவ்வறை நகரத்தின் நடுவே இல்லறத்தார் ஒருவர்க்கு உரியதாகவே கதையில் நின்றதென்பதை மட்டும் நினைவிற் கொள்க. நகரத்திலேயே அத்தகைய இடம் தேடினார் சப்பானில் சோமெய்க்கு முன்னரும் இருந்தனர். யோஷிஷிகே நோ யசுதனே என்பார் 982-இல் எழுதிய குளத்து மாடக் குறிப்பு, தலைநகரில் மனைவி மக்களோடு வாழ்ந்த ஓர் அலுவலர் தம் மனையிற் குளமும் நூலகமும் அமிதாபர்க்குச் சிறுகோயிலும் அமைத்தமை கூறுவது. சோமெய்க்கு முன்மாதிரியும் அந்நூலே.

சோமெய் தொகுத்த 'ஹொஷ்ஷின்ஷூ' என்னும் துறவியர் கதைநூலில் ஒரு சிறு கதை உண்டு. ஹோஜோகியை ஆராய்வார் பலர் அதனைத் தொடாமலே செல்கின்றனர். ஏழை முதியவர் ஒருவர், சிறுபதவி உடையவர். வீடு கட்டப் பொருளில்லை. அவர் பிறரிடம் பழந்தாள்களை வேண்டிப் பெற்று, அவற்றில் வீட்டின் கிடைப்படம் வரைவதே தொழிலாய், அவ்வரைபடங்களிற் கருத்தாற் குடியிருந்து காலங் கழித்தனர். ஊரார் நகைத்தனர். சோமெய் முழுதும் நகைத்திலர். பெருமாளிகை கட்டுவோனுக்கும் உடல் கிடத்தச் சில அடிகளே வேண்டும். எஞ்சிய இடமெல்லாம் ஏவலர்க்கும் எருதுகளுக்குமே. இம்முதியவர் வீடோ மழையில் ஒழுகாது, நெருப்பில் வேகாது, ஒரு தாளிலேயே உள்ளம் தங்கப் போதிய இடம் தருவது என்னும் கருத்துப்பட எழுதுகின்றார். எனினும் அக்கருத்து வீட்டுலகத்தின்மேற் சென்றிருப்பின் இன்னும் நன்றாயிருக்குமே என்று இரங்குதலும் உண்டு. பத்தடிக் குடிலினும் இலகுவானதோர் உறையுளை அவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சான்று.

நகரத்திற்குள் மலைக்குடில் என்னும் எண்ணம் முழுவடிவு பெற்றது அவர்க்கு முந்நூறு ஆண்டுகட்குப் பின்னர். தேநீர் நெறிக்கு முதல்வராகக் கூறப்படும் முரத்தா ஜூக்கோவின் (1423-1502) வழித்தோன்றல் சோஜு என்பார், கியோத்தோவின் கீழ்நகரில் வணிகர் தெருக்களிடையே ஒரு தேநீர்க் குடில் வைத்திருந்தனர். 1532-இல் அதனைக் கண்ட அரசவையினர் ஒருவர், மலையில் வாழ்வதன் தோற்றம் அதன்கண் உளதென்றும், சந்தை நடுவில் மறைந்து வாழ்தல் இதுவே என்றும் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். துறைமுக நகராகிய சக்காயில் வணிகர் அவ்வழக்கத்தை வளர்த்தனர். ஆண்டுத் தேநீர்க் குடில்களை நகரத்துள் மலைவாழ்வு என்னும் பொருளதாகிய சொல்லால் வழங்கினமையை, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய சுவான் ரொத்ரீகசு என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியாரும் குறித்துள்ளார்.

அக்குடில்களின் அறை பெரும்பாலும் நாலரைப் பாய் அளவினது. பக்கம் ஏறக்குறைய ஒன்பதடியாகலின் சோமெயின் சதுரத்திற்குச் சிறிதே குறைந்தது. சக்காயின் வணிகக் குடியிற் பிறந்த சென் நோ ரிக்கியூ (1522-1591) அதனையும் குறுக்கினர். கியோத்தோவிற்கும் ஒசாக்காவிற்கும் இடைப்பட்ட யமசாக்கியில் மியோக்கியான் என்னும் மடத்துள் இன்றும் நிற்கும் தையான் என்னும் தேநீரறை இரண்டே பாய் உடையது. ஏறக்குறைய ஆறடிச் சதுரம். வேறிடத்திற் கட்டியதைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீளப் பூட்டினர் என்று கருதுவாரும் உளர். வைக்கோற் சிம்பு தெரியும் மண்சுவர். குனிந்து, முழங்கால் ஊன்றித் தவழ்ந்தே நுழையத்தக்க சிறுவாயில். சோமெய்க்கு மேற்கு வெளியாய் இருந்தது. நகரத்தில் மேற்கு அடுத்த வீட்டுக்காரனுடைய சுவராயிற்றே! ஆதலின் இவர்கள் காட்சியைத் திறவாது அடைத்தனர். காகிதஞ் செறிந்த சிறு பலகணிகளால் ஒளியை மட்டும் உள்ளே விடுத்தனர். மலையை நகர்க்குள் கொணர்தல் இயலாதென்று அறிந்து, மலைக்குச் செல்லும் வழியை மட்டும் கொணர்ந்தனர் என்னலாம். தெருவிற்கும் அறைக்கும் இடையே சில அடி நீளத்திற் கல் பதித்த ஒற்றையடிப் பாதையும், கைகழுவ நீர்த்தொட்டியும் அமைத்தது அதற்கே.

பெயர்த்துச் செல்லும் அறையின் கதையில் மாறுபட்டதொரு கிளையும் உண்டு. நாடு முழுதையும் தன் ஆணைக்கீழ்க் கொணர்ந்த தொயோதொமி ஹிதெயோஷி, மூன்று பாய் அளவில் ஒரு தேநீரறை செய்வித்தனன். தூணும் சுவரும் கூரையின் உட்புறமும் பொன், தரைப்பாய்க்குச் செந்துகில், தட்டிகளிற் காகிதத்திற்கு மாற்றாகச் செம்மெல்லாடை. முழுதும் கழற்றிப் பூட்டத்தக்கது. 1586-இல் அரண்மனைக்குள் அதனைக் கொண்டுசென்று பூட்டி, ஒகிமாச்சிப் பேரரசர்க்குத் தேநீர் வழங்கினன். 1587-இல் கித்தானோக் கோயில் வெளியில் நிகழ்ந்த பெருந்தேநீர் விழாவில் மக்கட்குக் காட்டினன். 1592-இல் கொரியாவின்மேற் படையெடுத்தபோது தென்மேற்குக் கடற்கரையிலுள்ள நகோயாப் பாசறைக்கும் சுமப்பித்தனன். அவன் அவையில் தேநீர் ஆசிரியராய் இருந்த ரிக்கியூ 1591-இல் அவன் ஆணையால் தம் வயிற்றைக் கிழித்து மாண்டனர். பொன்னறை இன்று இல்லை. பிற்காலத்தார் குறிப்புக்களைக் கொண்டு செய்த மாதிரிகளே உள்ளன. கொக்கியும் பூட்டும் சோமெய் செய்த வகையே, எண்ணிப் பார்ப்பின் சோமெயின் குடிலினும் மிகுதியாகப் பெயர்ந்து திரிந்தது இதுவே. பஞ்சத்தில் விறகுக் கட்டிடையே மின்னிய பொற்றகட்டைக் கண்டு நடுங்கிய சோமெய் இவ்வறையைக் காணாது போயினர்.

எண்ணூறாவது ஆண்டாகிய 2012-இல், சோமெயின் தந்தையார் பணிபுரிந்த அக்கோயில் வளாகத்திலேயே, கெங்கோ குமா என்னும் கட்டிடக்கலைஞர் பத்தடிக் குடிலை இக்காலப் பொருள்களால் அமைத்துக் காட்டினர். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களிற் சீடர் மரச்சிம்புகளைப் பதித்து, காந்தங்களாற் பிணைத்தமையால், கழற்றியபின் சுருட்டியே எடுத்துச் செல்லலாம். இரண்டு வண்டிச் சுமை ஓராள் சுமையாயிற்று. சுருட்டிய குடிலை அடுக்கு மாடிக்கு எடுத்துச் செல்லும் ஒருவர் எதனை அதனுடன் எடுத்துச் செல்ல முடியும், எதனை முடியாதென்னும் வினாவிற்கு விடை, சோமெயின் நூலின் ஈற்றிலேயே உளது.

இரண்டு வண்டி போதுமென்று எழுதிய அவர் அவ்வண்டிகளை அமர்த்தியதாக நூலில் எங்கும் இல்லை. ஐந்தாண்டு ஆயிற்று. சிறிதுகாலம் தங்கலாமென்று வந்த இடம் நாளடைவிற் சொந்த ஊர்போல் ஆகிவிட்டதென்றும், இறவாரத்திற் சருகு அடர்ந்ததென்றும், அடிச்சட்டத்திற் பாசி படர்ந்ததென்றும் அவரே கூறுகின்றார். நிலத்திற் புதையாது மேலே கிடத்திய அச்சட்டம் பாசியால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. குடில் பெயராத அக்காலத்தில் அவர் பெயர்ந்தனர்: 1211-இல் கமக்குராவிற்குச் சென்று, படைத்தலைவராகிய சனெதொமோவைக் கண்டமையை அந்நாட்டு வரலாற்றுக் குறிப்பொன்று தெரிவிக்கின்றது. ஹோஜோகியில் இதனைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதவி நசை அற்றுவிட்டதோ, அன்றோ? அவர் வாய்திறந்திலர்.

ஆயினும் நூலின் முடிவில் அவர் தம்மைத் தாமே நிறுத்தி வினவுகின்றார். எப்பொருளையும் பற்றாதிருக்க வேண்டுமென்பது புத்தர் உபதேசம். அங்ஙனமாயின் இப்புற்குடிலை விரும்புதலும் குற்றம், இவ்வமைதியிற் பற்றுக்கொள்ளுதலும் தடை. உறையுள் விமலகீர்த்தியின் அறையைப் போன்றது. ஒழுக்கமோ, ஒரு பாட்டையும் நினைவில் நிறுத்த இயலாதிருந்த சூளபந்தகர்க்கும் ஈடாகவில்லை. இஃது ஏழ்மையின் விளைவோ, மனத்தின் மயக்கோ என்று கேட்டனர். மனம் விடை கூறவில்லை. நாவை மட்டும் துணைக்கொண்டு அமிதாபரின் பெயரை இரண்டு மூன்று முறை கூறி நிறுத்தினர். அப்பெயர்க்கு முன் அவர் இட்ட அடைமொழி ஒன்று சுவடிதோறும் வேறுபடுகின்றது. அதன் பொருளை உரையாசிரியர்கள் இன்றும் ஒருமுகமாகத் துணிந்திலர். அதன்கீழ், மூன்றாந் திங்களின் இறுதியில், தொயாமாவிலுள்ள குடிலில் துறவி ரென்இன் எழுதியது என்னும் கையொப்பம் நிற்கின்றது.